பந்து போட நம் பையன், டாஸ் போட யார்?

போன பொங்கலுக்கு சேத்துப்பட்டு பக்கத்து ஊர் ஒன்றில் டென்னிஸ் பால் போட்டி நடந்தது. எங்கள் மாலை வகுப்புக்கு வரும் காலனிப் பையன் ஒருவன் இரண்டு மேட்ச்சைப் பந்து வீசியே ஜெயித்துக் கொடுத்தான். பகலெல்லாம் கூலிக்குப் பட்டுத் தறியில் உட்காருகிறவன். மூன்றாவது மேட்ச்சுக்கு கேப்டன் வரவில்லை. "இவனையே போடுங்கடா" என்றான் ஒருவன். "இவன் சொன்னா ஊர்ப் பசங்க கேப்பாங்களா?" என்று பதில் வந்தது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நம் பையனும் சேர்ந்து சிரித்தானாம். அதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

இதற்குப் பிறகும் "விளையாட்டுல ஏது சாதி?" என்று எங்களிடமே கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குப் பல்வங்கர் பாலுவைத் தெரியாது. நம் மாணவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

தார்வாடில் பிறந்தவர், சமார் சாதி. புனாவில் வெள்ளையர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு மைதானம் சீர்செய்து, வலை கட்டிய வேலையாள். இடது கைச் சுழற்பந்து. கிரெய்க் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரருக்கு வலையில் மணிக்கணக்காகப் பந்து போட்டார். ஆனால் மட்டையைப் பிடிக்க அவருக்கு அங்கே வாய்ப்பே இல்லை. பந்து போடுவது உழைப்பு, மட்டை பிடிப்பது அந்தஸ்து! நம் ஊர் மைதானத்தில் யார் பந்து பொறுக்குகிறார்கள் என்று ஒருநாள் நின்று பாருங்கள்.

வெள்ளையரை ஜெயிக்க இந்து அணிக்கு பாலு வேண்டியிருந்தது. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் அவருக்கு மட்டும் பெவிலியனுக்கு வெளியே, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து போன அகில இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தவர் அவர். அந்த அணிக்கு கேப்டன் யார்? சில ஆட்டங்களோடு நிறுத்திக்கொண்டு விருந்துகளுக்குப் போன பாட்டியாலா மகாராஜா.

1920இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினார்கள். கேப்டன் உடல்நலமில்லாமல் போனபோது, மூத்த ஆட்டக்காரர்களான தம்பிகள் விட்டலையும் சிவராமையும் தாண்டி டி.பி.தேவதருக்குப் பொறுப்பைக் கொடுத்தார்கள். தம்பிகள் இருவரும் ஆட மறுத்து வெளியேறினார்கள். இந்த இடத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அவர்கள் சிரித்து மழுப்பவில்லை. அணிக்குத் தங்கள் கை வேண்டும் என்று தெரிந்து, அந்தக் கையை விலக்கிக்கொண்டார்கள். பாலு துணை கேப்டனாகத் திரும்பினார். 1923இல் விட்டல் கேப்டன். வெள்ளையர் அணி தோற்றது. அவரைத் தோளில் தூக்கி ஆடியவர்கள் சாதி இந்துக்கள். பாலு கடைசிவரை முறைப்படி கேப்டன் ஆகவே இல்லை.

அவரைச் சாமியாக்கவும் நாங்கள் வரவில்லை. இளம் வயதில் பாலுவைப் பெருமையோடு பார்த்தவர் அம்பேத்கர். 1932 புனா ஒப்பந்தத்தில் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா கையெழுத்துகளோடு பாலுவின் கையெழுத்தும் இருக்கிறது. அதே பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்றார், தோற்றார். கேப்டன் பதவி தராதவர்கள் நம் தலைவரை எதிர்த்து நிற்க மட்டும் சீட்டு தந்தார்கள். இன்றைய கட்சிகளிலும் இது நடக்கிறது. பெயர் சொல்லவேண்டுமா?

ரஞ்சி, துலீப் எல்லாம் அரச குடும்பத்துப் பெயர்கள். தேவதர் பெயரிலும் கோப்பை நடத்தியிருக்கிறார்கள். வாரியத்தின் முக்கியமான உள்நாட்டுக் கோப்பை ஒன்றுக்குக்கூட பாலுவின் பெயர் இல்லை.

வரும் சித்திரையில், ஏப்ரல் 14ஐ ஒட்டி, நாங்களே ஒரு போட்டி நடத்துகிறோம். பல்வங்கர் பாலு கோப்பை. ஊர், காலனி இரண்டு பக்கமும் சேர்ந்த அணிகளுக்குத்தான் இடம். நுழைவுக் கட்டணம் கிடையாது. தண்ணீர் ஒரே குடத்தில், டம்ளரும் பொது. அந்தத் தறிக்காரப் பையனிடம் கேப்டனாக இருக்கச் சொல்லியிருக்கிறோம். "ஊர்ப் பசங்க வருவாங்களாக்கா?" என்று கேட்டான். நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது.