பேரரசரின் முகத்தில் ஓர் உளி வெட்டு

இளம் நண்பர்களே, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொலையுண்ட சில மாதங்களில் வானில் ஒரு வால்நட்சத்திரம் தோன்றியது. சீசர் தெய்வமாகிவிட்டார் என்று ரோம மக்கள் நம்பினர். அவருடைய வளர்ப்பு மகன் அகஸ்டஸ் சும்மா இருப்பாரா? பேரரசரானதும் அந்த வால்நட்சத்திரத்தைக் காசில் பொறித்தார். தம்மைத் 'தெய்வத்தின் மகன்' என்றும் எழுதிக்கொண்டார். செய்தித்தாள் இல்லாத காலத்தில் கைக்குக் கை மாறும் விளம்பரம் அது!

அவருடைய வெள்ளிக்காசு ஒன்று நம் மாம்பலத்திலேயே, முத்திரைக் காசுகளோடு கிடைத்திருக்கிறது. அந்த விளம்பரம் இங்கே எடுபட்டதா?

1898-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 ரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீதே உளி வெட்டு! உள்ளே செம்பு உண்டா என்று சோதித்திருப்பார்கள் எனச் சிலர் கூறுவர். எனக்கு அது பொருந்தவில்லை. பொன்னின் அடர்த்தி செம்பைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆகவே போலிக் காசைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும். ஐயம் தீர வெட்டுவதானாலும் விளிம்பில் வெட்டலாமே, முகத்தின் குறுக்கே ஏன்? இது இனி நாணயமல்ல, எடைக்குரிய பொன் என்று அறிவிக்கவே வெட்டினர் என்பது வேறு சிலர் கருத்து. என் கட்சியும் அதுதான்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமக் காசுகளைப் பார்க்கும்போது, முகத்தோடு வெட்டையும் தேடிப் பாருங்கள்.