பாத்ரூம் தரைக்கு ஒரு பலகை
டில்லியில் ஜனவரி மாதம் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. அப்போது பாத்ரூம் டைல்ஸ் தரையில் கால் வைக்கவே, ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோர் அஞ்சுகிறார்கள். இதற்காகச் சிலர் கரி அங்கீட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். இது விபரீதம். கரியிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்ஸைடு வாயு, மணமே இல்லாமல் உயிரைக் குடித்துவிடும்.

வாடகை வீட்டில் தரையைப் பெயர்க்கவும் முடியாது. பெயர்க்க வேண்டியதும் இல்லை. டைல்ஸ் உள்ளங்காலின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்ளும். மரம் அப்படி இழுக்காது. இடைவெளி விட்டுச் சட்டங்கள் அடித்த மரப்பலகை ஒன்று போதும். அடியில் ரப்பர் பொருத்தினால் வழுக்காது. தினமும் நிமிர்த்தி உலர்த்தினால் பாசி பிடிக்காது. பெரியவர்களுக்கு ரயில் டிக்கெட் எடுக்கும்போதே தச்சரிடமும் சொல்லிவிடுங்கள்.