தடையங்களுக்காக ஒரு வக்காலத்து

மின்னணுவியல் என்றதும் நம் மாணவ நண்பர்களின் நினைவுக்கு வருவது ஐ.சி. சில்லும் கணிப்பொறியும்தான். மின்தடையம் என்றால் ஏதோ சில்லுக்குத் துணைவந்த எடுபிடி என்ற எண்ணம். பாடநூல்களும் "முனைப்பற்ற உறுப்பு" என்று பெயர் சூட்டி அதை ஒதுக்கிவிடுகின்றன. தனியொரு தடையத்தைப் பொறுத்தவரை இந்த அலட்சியத்தை நான் பெரிதாகக் குறை சொல்லமாட்டேன். ஆனால் தடையங்கள் சில சேர்ந்து ஒரு வலையாக அமையும்போது அவை செய்யும் வேலையே வேறு. அந்த வேலையை நம் ஆய்வுக்கூடம் நமக்குக் காட்டுவதில்லை என்பதே என் வழக்கு.

சோளிங்கர் கடைத்தெருவில் மளிகைக் கடைக்குள் நுழையுங்கள். மின்னணுத் தராசின் தட்டுக்குக் கீழே ஓர் அலுமினியக் கட்டை இருக்கிறது. லோடு செல் என்பார்கள். அதன்மேல் மெல்லிய படலம் போன்ற நான்கு தடையங்கள் ஒட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஒவ்வொன்றும் 350 ஓம். அரிசியை வைத்ததும் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. இரண்டு தடையங்கள் நீள்கின்றன, இரண்டு சுருங்குகின்றன. முழு எடையை ஏற்றினாலும் ஒவ்வொன்றிலும் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழ 0.7 ஓம்தான். நான்கையும் வீட்ஸ்டன் சமனச்சுற்றாக இணைத்து 5 வோல்ட் கொடுத்தால், அந்த மாற்றம் 10 மில்லிவோல்ட்டாக வெளியே வருகிறது. அதைப் பெருக்கி எண்ணாக்குவது மட்டுமே சில்லின் வேலை.

ஒரே ஒரு தடையத்தை வைத்து இதைச் செய்திருந்தால் என்ன ஆகும்? நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் தடையின் மதிப்பு தானே மாறிவிடும். தட்டு காலியாக இருக்கும்போதே தராசு எடை காட்டும். நான்கும் ஒரே கட்டையில் ஒன்றாகச் சூடேறுவதால் அவற்றின் விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை, சமநிலையும் கெடுவதில்லை. 1833இல் இச்சுற்றை முதலில் கண்டவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. 1843இல் அதை உலகறியச் செய்த வீட்ஸ்டனுக்குப் பெயர் போய்விட்டது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெறுபவர் இன்னொருவர் என்பது அறிவியலிலும் உண்டு போலும்!

தராசு பொய் சொன்னால் கடைக்காரருக்கும் நமக்கும்தான் நட்டம் என்று நினைக்க வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் டிரம்மில் போடும் குரோம் உப்பைத் தோலின் எடைக்கு இத்தனை விழுக்காடு என்றே கணக்கிடுகிறார்கள். வழக்கமான முறையில் அந்தக் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் பிடிக்காமல் கழிவுநீரோடு போகிறது. எடை தவறினால் அந்தப் பங்கு இன்னும் கூடும். பாலாறு பட்ட பாட்டை இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு முக்கியமான சுற்றை நாம் எப்படிப் படிக்கிறோம்? மீட்டர் சமனச்சுற்றின் கம்பிமேல் ஜாக்கியைத் தொட்டுத் தொட்டுச் சமன்புள்ளி காண்கிறோம். ரெக்கார்டில் எழுதிக் கையொப்பம் வாங்குகிறோம். அத்துடன் அது செத்தது. மின்னணுவியல் செய்முறையோ இன்னும் மோசம். ஆயத்தப் பலகையின் மேலே சுற்றின் படம் அச்சிட்டிருக்கும். உறுப்புகள் உள்ளே ஒளிந்திருக்கும். வயரைச் செருகி அளவெடுப்பதற்கு இயற்பியல் மாணவன் எதற்கு?

என் யோசனை எளிது. ஒவ்வொரு மாணவரும் ஆர்-2ஆர் ஏணி ஒன்றைத் தன் கையால் பற்றவைக்கட்டும். இரும எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் வலை அது. நான்கு இலக்க ஏணிக்கு 10 கிலோ ஓம் தடையங்கள் 13 போதும்; 2ஆர் வேண்டிய இடத்தில் இரண்டைத் தொடரிணைப்பில் வைத்துக்கொள்ளலாம். 5 வோல்ட்டை 16 படிகளாகப் பிரித்தால் படிக்கு 0.3125 வோல்ட். 1010 என்று கொடுத்தால் 3.125 வோல்ட் வரவேண்டும். பதினொரு இலக்கமாக்கினால் 2048 படிகள். நம் பெரிய மலையின் 1305 படிகளுக்கும் ஆளுக்கொரு மின்னழுத்தம் கொடுத்து மீதியும் இருக்கும்.

ஆனால் அங்கேதான் பாடம் தொடங்குகிறது. தங்கநிற வளையமுள்ள 5 விழுக்காட்டுத் தடையங்களால் எட்டு இலக்க ஏணி கட்டினால், 127இலிருந்து 128க்கு ஏறும்போது மின்னழுத்தம் ஏறாமல் இறங்கவும் கூடும். ஒரே பீங்கான் தகட்டில் எல்லாத் தடையங்களையும் ஒன்றாகப் படியவைத்த தடைய வலைகளைத் தொழிற்சாலைகள் ஏன் செய்கின்றன என்பது அப்போது புரியும். அங்கே பெரிதாகக் கருதப்படுவது தனி மதிப்பன்று, விகிதம்.

நேரமில்லை, மாணவர்கள் பொருளை வீணடிப்பார்கள் என்று ஆசிரியப் பெருமக்கள் சொல்லலாம். நேரமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பிற்பகல்கள் வேண்டும். வீணாவதை ஒப்புக்கொள்ளமாட்டேன். பதின்மூன்று தடையங்களின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்குள் அடங்கும்.

இன்னொன்று. பழுதான தராசுகள் பழுதுபார்க்கும் கடைகளில் கிடக்கின்றன. ஒன்றைக் கேட்டு வாங்கி, லோடு செல்லைக் கழற்றி மீட்டர் சமனச்சுற்றுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். அதன் நான்கு கம்பிகளில் எதிரெதிர் முனைகளை மல்டிமீட்டரால் அளந்தால் ஏறத்தாழ 350 ஓம், அடுத்தடுத்த முனைகளை அளந்தால் ஏறத்தாழ 262 ஓம் காட்டும். ஏன் என்று முதலாண்டு மாணவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.