தன் குதிரைக்குத் தானே சேணம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கோனி ரீவ்ஸ் என்றோர் அம்மையார் வாழ்ந்தார். 1901இல் பிறந்தவர். வழக்கறிஞராகும் விருப்பத்துடன் சட்டம் பயின்றார். 1930களின் பொருளாதார நெருக்கடி அதற்கு இடம் தரவில்லை. ஆசிரியைப் பணிக்குச் சென்றார்.

அதே காலத்தில் ஹன்ட் என்னும் சிற்றூரில் பெண்பிள்ளைகளுக்கான வால்டமார் கோடை முகாமில் குதிரையேற்றம் கற்பிக்கத் தொடங்கினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அப்பணி தொடர்ந்தது. அவரிடம் பயின்ற சிறுமியர் சுமார் 30,000 பேர் என்பர்.

முகாமின் குதிரைகளைப் பராமரித்த ஜாக் ரீவ்ஸ் என்ற கௌபாயை 1942இல் மணந்தார். இருவரும் பண்ணையில் ஆடு மாடுகளை வளர்த்தனர். 1985இல் ஜாக் மறைந்தார். அம்மையாரோ குதிரையை விடவில்லை. இல்லறக் கதையை 1995இல் நூலாகவும் எழுதினார்.

அவர் மாணவியருக்குச் சொல்லி வந்தது ஒன்றே: உன் குதிரைக்கு நீயே சேணம் பூட்டு. காரணம் இல்லாமல் இல்லை. வார் இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். நாலடி நடத்திவிட்டு மறுபடி இறுக்காவிடில் சேணம் சரிந்துவிடும். பிறர் பூட்டித் தந்தால் ஏறுபவருக்கு இது எப்படித் தெரியும்? பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் நாமே செய்து கொடுக்கும் வீடுகளில் இதைச் சற்று உரக்கவே வாசிக்கலாம்.

நூறு வயது கடந்தும் ஏன் குதிரை ஏற வேண்டும் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் அவரை இறக்கி உட்கார வைக்க யாராலும் இயலவில்லை. 2003 ஆகஸ்டில், 101ஆம் வயதில், டாக்டர் பெப்பர் என்ற தமது பிரியமான குதிரையிலிருந்து விழுந்தார். பன்னிரண்டு நாட்களில் உயிர் பிரிந்தது.