லேபிள் அழகுதான், ஒட்டின கை எங்கே?

ஜப்பான் அருங்காட்சியகங்களில் அடுத்து என்னென்ன கண்காட்சி வருகிறது என்ற பட்டியலை நம்ம ஆட்கள் ஆர்வமாகப் பகிர்கிறார்கள். ஹொக்குசாய், ஹிரோஷிகே, மாங்கா என்று பேச்சு ஆரம்பித்து விசா வரைக்கும் போகிறது. போய் வாருங்கள், நல்லதுதான். அப்படியே தகாவாவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

ஃபுகுவோகா மாகாணத்தில் இருக்கும் பழைய நிலக்கரி ஊர் அது. அங்குள்ள அருங்காட்சியகத்தின் பெருமை யாமாமோட்டோ சகுபெய் வரைந்த படங்கள். சகுபெய் ஒரு சுரங்கத் தொழிலாளி. அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தான் பார்த்த வேலையை வரைய உட்கார்ந்தார். குனிந்து கரி வெட்டும் ஆண், அதை இழுத்துப் போகும் பெண், விபத்து, சாவு என்று எல்லாவற்றையும் வரைந்து, பக்கத்திலேயே விளக்கமும் எழுதினார். யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஜப்பானிலிருந்து முதலில் ஏறியது இந்தச் சேகரம்தான், 2011இல்.

இப்போ சிவகாசிக்கு வருவோம். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அச்சுத் தொழில் வளர்ந்தது. பட்டாசும் காலண்டரும் சேர்ந்துகொண்டன. அந்த லேபிள்கள் இன்று 'ரெட்ரோ'. கிளியும் புலியும் டி-ஷர்ட்டில் ஏறிவிட்டன. சேகரிப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூறு வருஷத் தொழிலில் நாம் ரசிக்க எடுத்துக்கொண்டது லேபிளை மட்டும்தானே? மருந்து கலந்த கை, திரி வைத்த கை, அந்த லேபிளையே ஒட்டின கை எங்கே?

சாத்தூர் பக்கம் அச்சங்குளம் என்றால் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? 2021 பிப்ரவரி 12 அன்று அங்கே ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இரண்டு நாள் செய்தி, நிவாரண அறிவிப்பு, அவ்வளவுதான். என் வேலையில் சர்வர் ஒரு மணி நேரம் படுத்தாலே என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எழுதி, எல்லோரும் படிக்கிற இடத்தில் வைக்கிறோம். மனுஷ உயிருக்கு அந்த மரியாதைகூட இல்லையா?

"சாவையெல்லாமா காட்சிக்கு வைப்பாங்க?" என்பார்கள். தகாவாவில் வைத்திருக்கிறார்கள். "தொழிலுக்குக் கெட்ட பேர் வரும், இதை நம்பித்தானே ஊரே சாப்பிடுது" என்பார்கள். அந்த ஊரைத்தான் காட்டச் சொல்கிறேன். கெட்ட பேர் வெடிவிபத்தால் வருகிறது, அதை எழுதி வைப்பதால் அல்ல.

வெம்பக்கோட்டை பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில் அரசு 2022இல் அகழாய்வு தொடங்கியது. மண்ணுக்குள் கிடைத்த சங்கு வளையலையும் பாசிமணியையும் கவனமாக எண் போட்டுப் பாதுகாக்கிறோம். ரொம்பச் சரி. அதே வட்டாரத்தில் உயிரோடு இருக்கிறவர்களின் நினைவுக்கு ஏன் ஒரு எண்கூட இல்லை?

சிவகாசியில் ஒரு காட்சிக்கூடம் வேண்டும். ஒரு சுவரில் லேபிள்கள் இருக்கட்டும். எதிர்ச் சுவரில் வேலைக் கருவிகள், தொழிலாளர்களின் பதிவு செய்த குரல்கள், ஒவ்வொரு விபத்தின் தேதியும் காரணமும், குடும்பங்கள் சம்மதித்தால் இறந்தவர்களின் பெயர்களும். விளக்கம் முதலில் தமிழில்.

சகுபெய் அறுபதுக்கு மேல்தான் தொடங்கினார். மருந்து அறையில் ஆயுளைக் கழித்த அறுபது வயதுக்காரர்கள் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு நோட்டும் கலர் பென்சிலும் கொடுக்க நமக்கு விசா தேவையில்லை.