நெல்சுனையும் கண் சொட்டு மருந்தும்

சென்ற அறுவடையின்போது, ஆனையூரை அடுத்த களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவரின் கண்ணில் சுனை விழுந்தது. ஊதிப் பார்த்தனர்; தாய்ப்பால் விட்டனர். மூன்றாம் நாள் கண் சிவந்து கூசவே, அண்டை வீட்டார் கண்புரை அறுவைக்குப்பின் மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்தை இட்டுக்கொண்டார். வலி சற்றே தணிந்தது. பத்தாம் நாள் நம்மிடம் வந்தபோது, கருவிழியின் நடுவே மிளகளவு வெண்புண் தோன்றியிருந்தது. "மருந்து போட்டுக்கொண்டுதானே இருந்தேன், சாமி!" என்றார்.

எந்த மருந்து என்பதன்றோ வினா?

கருவிழிப் புண் ஒரே நோயன்று. 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இந்நோயுடன் வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். மூவரில் இருவர் கண்ணில் அடிபட்டவர்கள். கிருமி இன்னதென்று அறியப்பட்டோரில் நூற்றுக்கு 47 பேருக்குப் பாக்டீரியா. ஏறத்தாழ அதே அளவினருக்குப் பூஞ்சை. நம் வட்டாரத்தில் பாதிக்குப் பாதி! பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையைத் தொடாது. பூஞ்சைக்கு நாட்டமைசின் போன்ற வேறு மருந்து வேண்டும்.

பாக்டீரியாதான் என்று உறுதியானபின் எம்மருந்து சிறந்தது? முற்காலத்தில் செஃபசோலின், டோப்ராமைசின் ஆகிய ஊசி மருந்துகளை மருத்துவமனையிலேயே செறிவாகக் கரைத்து, இரண்டையும் மாறி மாறி இடுவர். ஆற்றல் மிக்கவை, ஆனால் எரிச்சல் தருபவை, குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டியவை, விரைவில் கெடுபவை. பின்னர் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் ஆகியவை ஆயத்தக் குப்பிகளில் வந்தன. இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றிலும் புண் ஆறுவதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. எரிச்சல் பின்னவற்றில் குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின் சில வேளைகளில் புண்மீது வெண்படிவாகத் தங்கும்; அதைக் கண்டு புண் பெருகிற்றென அஞ்சுவோர் உண்டு. கடும் புண்ணுக்கும், மருந்துக்கு மசியாத கிருமிக்கும் செறிவு மருந்தை இன்றும் நாடுகின்றனர். எதுவாயினும் முதல் இரண்டு நாட்கள் மணிக்கொருமுறை இடவேண்டும். நாளைக்கு மூன்று சொட்டென்று நம் மக்கள் சிக்கனம் பார்ப்பது இங்கே ஆகாது.

அம்மையார் இட்ட மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், கிருமியைக் கொல்லாது. பூஞ்சையாயின் அதற்குத் துணைபோகும். அரவிந்த் மருத்துவமனைகளும் அமெரிக்க மருத்துவ நிலையங்கள் இரண்டும் சேர்ந்து, பாக்டீரியாப் புண்ணுடைய 500 பேரிடம் ஸ்டீராய்டைச் சோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டன. இரண்டு நாள் மாக்சிஃப்ளாக்சசின் இட்ட பிறகே, அதுவும் மருத்துவர் கண்காணிப்பில், ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டது. அப்படியிருந்தும் மூன்று மாதங்களுக்குப்பின் பார்வையில் பொதுவாக ஆதாயம் எதுவும் தெரியவில்லை.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது, நம்மைப் போன்றே வயலை நம்பி வாழும் நேப்பாள நாட்டின் பக்தபூரில் நடந்த ஆய்வு. கருவிழியில் கீறல் பட்டோருக்குக் கிராமத் தொண்டர்கள் குளோராம்ஃபெனிகால் களிம்பை நாளைக்கு மும்முறையாக மூன்று நாள் இட்டனர். 2001-இல் வெளியான அதன் முடிவின்படி, அடிபட்ட 18 மணி நேரத்திற்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து வந்த 49 பேரில் 14 பேருக்கு வந்துவிட்டது. மலிவான, பழைய களிம்புதான்!

அம்மையாரை மறுநாளே மதுரைக்கு அனுப்பினோம். புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தனர்: பூஞ்சை. இரண்டு மாத மருந்தில் கண் தப்பியது, பார்வை தப்பவில்லை. நடுவில் தழும்பு, வெளிச்சம் மட்டும் தெரிகிறது. அடுத்த களத்துக்கும் அவர் போகத்தான் போகிறார், கூலி வேண்டுமே. கூலியாட்களுக்குச் சாதாரணக் கண்ணாடியேனும் வாங்கித்தருமாறு நிலக்காரர்கள் இருவரிடம் கேட்டிருக்கிறோம். ஒருவர் சிரித்தார். மற்றவர் விலை கேட்டார்.

நம் இல்லத்து அலமாரியிலும் பாதி தீர்ந்த கண் மருந்துக் குப்பி ஒன்று கிடந்தது. இதை எழுத அமருமுன் எறிந்துவிட்டோம்.