ஆய்வக நாற்காலியும் நம் அறிக்கையும்

இரத்தம் கொடுத்துவிட்டு ஆய்வகச் சாளரத்தின் முன் காத்திருக்கையில், உள்ளே என்ன நடக்கிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இரத்த அணுக்களை எண்ணும் பணியை இன்று பெரும்பாலும் கருவிகளே செய்கின்றன. ஆயினும், கருவி ஐயுறும் மாதிரியை இறுதியில் மனிதக் கண்ணே பார்த்தாக வேண்டும். சளியில் காசநோய்க் கிருமி தென்படவில்லை என்று எழுதுவதற்கு முன், ஆய்வக நுட்புநர் நுண்ணோக்கியில் 100 பார்வைப் புலங்களையேனும் தேடிப் பார்க்கிறார்.

அப்போது அவர் எவ்வாறு அமர்ந்திருக்கிறார்? பல ஆய்வகங்களில் முதுகுச் சாய்வற்ற முக்காலிதான் இருக்கை. கால்கள் தொங்குகின்றன, முழங்கைகளுக்குத் தாங்கல் இல்லை, கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கிறது. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அது குனியக் குனியக் கழுத்துத் தசைகள் தாங்கும் சுமை பெருகுகிறது. நாள் முழுவதும் பிப்பெட்டை அழுத்தும் கட்டைவிரலும் நோகிறது.

வலியுள்ளவர் தவறிழைப்பார் என்று நான் கூறவில்லை. வலியைப் பொறுத்துக்கொண்டே கவனத்தையும் காக்கும் இரட்டைச் சுமையை அவர்மீது ஏன் ஏற்ற வேண்டும் என்றே கேட்கிறேன். அவருடைய கவனத்தில்தான் நம் சிகிச்சை தொடங்குகிறது. ஆதலால் இது ஊழியர் நலன் மட்டுமன்று. நோயாளியின் நலனும் ஆகும்.

புதிய கருவிகளுக்கே பணம் போதவில்லை என்பர். ஆனால் இங்கு வேண்டுவன எளியவை. உயரம் மாற்றத்தக்க, முதுகைத் தாங்கும் நாற்காலி, பாதம் ஊன்ற ஒரு பலகை, முழங்கைக்கு மெத்தை, கழுத்தை வளைக்காமலே கண் வில்லைக்கு எட்டுமாறு நுண்ணோக்கியின் அடியில் வைக்க ஓர் உறுதியான கட்டை. கால்கள் மேசைக்கடியில் தடையின்றி நீள, அங்கே அடுக்கிய பெட்டிகளை அகற்றினாலே போதும். அதற்குச் செலவே இல்லை. அடுத்த கருவியை வாங்குமுன் நிர்வாகம் இவற்றைச் செய்யட்டும்.

நம் பங்கும் ஒன்று உண்டு. நுண்ணோக்கியிலிருந்து அவ்வப்போது கண்ணை எடுத்துத் தொலைவில் நோக்குவதும், எழுந்து தோள்களைத் தளர்த்துவதும் அப்பணியின் பகுதியே. அந்தச் சில நிமிடங்களைக் கண்டு, “வேலை செய்யாமல் நிற்கிறாரே” என்று சாளரத்தைத் தட்ட வேண்டாம். அடுத்து அவர் பார்க்கவிருப்பது நம் வீட்டாரின் மாதிரியாக இருக்கலாம்.